வீல்சேரில் கடல் பார்க்க: களியக்காவிளையிலிருந்து வட்டக்கோட்டை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

என் சித்தப்பா தென்னை ஏறுகிறவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மழை ஈரம் காயாத ஒரு காலையில் மரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, வீல்சேர்தான். எங்கள் வீடு களியக்காவிளைக்குப் பக்கம். ரோட்டைத் தாண்டினால் கேரளம். கடல் ஒன்றும் தூரத்தில் இல்லை. ஆனாலும் ஆறு வருஷமாக அவர் கடலைப் பார்க்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் இருந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் வாங்கித் தரண்டாம் மக்களே, கடலு ஒருக்கா காணணும்" என்றார்.

அன்று தொடங்கி இதுவரை ஏழெட்டு தடவை போயிருக்கிறோம். சில தடவை பாதி வழியில் திரும்பியிருக்கிறோம். வீட்டில் வீல்சேரில் இருக்கிற அம்மாவையோ அண்ணனையோ பிள்ளையையோ கடல் காட்டக் கூட்டிப்போக நினைக்கிறவர்களுக்காக, அப்படிப் போய்ப் படித்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

கடல் என்றதும் மணலுக்குத்தான் மனசு போகும். வீல்சேரின் முன்னால் இருக்கிற இரண்டு சின்னச் சக்கரங்கள் மணலில் இறங்கியதும் புதைந்துவிடும். தள்ளத் தள்ள வண்டி முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும். மணலில் பலகைப் பாதை போட்டால் சரியாகிவிடும் என்பவர்கள் சென்னை மெரினாவை நினைத்துப் பார்க்கலாம். 2022 நவம்பர் கடைசியில் அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கென்று நீளமான மரப்பாதை திறந்தார்கள். அருமையான வேலை. டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. அதைச் செப்பனிட வேண்டியிருந்தது. கடலோரத்து மரப்பாதைக்கு இடைவிடாத பராமரிப்பு வேண்டும்.

எங்களுக்குப் பக்கத்துக் கடற்கரை நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, தூத்தூர் பக்கம். அங்கே இன்னொரு சங்கடம். கடல் அரிப்பைத் தடுக்கப் பல இடங்களில் பாறாங்கல்லைக் குவித்துச் சுவர் போட்டிருக்கிறார்கள். ஒக்கிப் புயலில் அத்தனை பேரைப் பறிகொடுத்த ஊர்கள் அவை. அந்தக் கல் அங்கே வேண்டியதுதான். ஆனால் நாற்காலியில் இருக்கிற ஆளுக்கு அலைச் சத்தம் மட்டும் கேட்கும், கடல் தெரியாது.

அதனால் நான் தேடியது மணல் இல்லாத, தரை கெட்டியான, கொஞ்சம் உயரமான இடம். அப்படிக் கிடைத்ததுதான் கன்னியாகுமரிக்கு வடகிழக்கே சுமார் 6 கிலோமீட்டரில், லீபுரம் கடலோரக் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வட்டக்கோட்டை. பெயரில்தான் வட்டம், கோட்டை ஏறக்குறைய நீள்சதுரம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு அவருடைய படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் இதைக் கருங்கல்லில் பலப்படுத்திக் கட்டினார். இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே போனால் மதில்மேல் ஏற, கல் பாவிய அகலமான சரிவு ஒன்று உண்டு. பீரங்கியை மேலே உருட்டிக்கொண்டு போகப் போட்டது என்று சொல்வார்கள். பீரங்கிக்கும் சக்கரம்தானே. வீல்சேருக்கென்று யாரும் ஒன்றும் செய்யாமலே நமக்குக் கிடைத்த வழி அது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது இன்றைய விதிப்படி கட்டின சாய்தளம் இல்லை. தனியாக ஒருவர் தன் கையால் சக்கரத்தை உருட்டி ஏறிவிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள். திடமான இரண்டு பேர் கூட வேண்டும்.

ஆள் இல்லாமல் ஒரு தடவை போய் வாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். வீல்சேர்காரரைக் கூட்டிப்போவதற்கு முன்னால் நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போனில் கேட்டு முடிவு செய்யக்கூடாது. ஒருமுறை கன்னியாகுமரியில் ஒரு தங்கும் விடுதியைக் கூப்பிட்டு வீல்சேர் வசதி இருக்கிறதா என்று கேட்டேன். "தாராளமா இருக்கு சார்" என்றார்கள். போனால் வாசலிலேயே மூன்று படி. "நாங்க நாலு பேரு தூக்கிருவோம் சார்" என்று பையன்கள் ஓடி வந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் அறுபது வயது மனுஷனை மூட்டை மாதிரித் தூக்கும்போது அவர் முகம் போன போக்கை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வசதி உண்டா என்று கேட்காதீர்கள். "வாசலில் எத்தனை படி, கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம்" என்று கேளுங்கள். அதற்குப் பதில் வந்தால்தான் வசதி.

முன்கூட்டிப் போகும்போது கையில் மூன்று சாமான் இருக்கட்டும்: அளவு டேப், ரசமட்டம் (போனில் இருக்கிற லெவல் ஆப்பும் போதும்), ஒரு மீட்டர் நீளத்தில் நேரான ரீப்பர் கட்டை.

சரிவை அளப்பது சுலபம். நம் நாட்டு விதி சாய்தளத்துக்குச் சொல்வது 1:12. ஓர் அடி ஏற 12 அடி நீளம். ரீப்பரின் ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கத்தில் தரையில் வையுங்கள். மறுமுனையை மட்டம் பார்த்துத் தூக்கிப் பிடித்து, அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 8 சென்டிமீட்டர் வந்தால் 1:12. போன் ஆப்பில் அது 5 பாகைக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். 12 சென்டிமீட்டர், அதாவது 7 பாகை வந்தால் ஒருவர் தள்ளுவது கஷ்டம். அதற்கும் மேலே போனால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் இல்லாமல் ஏறவே கூடாது. சரிவு மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருக்காது. மூன்று நான்கு இடத்தில் அளந்து, செங்குத்தான இடத்தை மனசில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி. இரண்டு விரல் உள்ளே போகிற சந்தாக இருந்தால் முன் சக்கரம் மாட்டிக்கொள்ளும். பழைய கோட்டை, கோவில் வாசல்களில் நிலைப்படியோ வாய்க்காலோ குறுக்கே வரும். அதன் உயரத்தையும் குறித்துவிடுங்கள். நான்கு அங்குல நிலைப்படிக்கு மூன்றடி நீளப் பலகை ஒன்று காரில் கிடந்தால் போதும், ஆள் பிடித்து ஏற்றிவிடலாம்.

கடைசியாக ஒன்று. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் தடவை அவ்வளவு பாடுபட்டு மதில்மேல் ஏறி, சித்தப்பாவைக் கடல் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, "பாத்தீங்களா சித்தப்பா" என்றேன். எனக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் நீலம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொவரு நல்லா கெட்டியிருக்கான் மக்களே" என்றார். குனிந்து அவர் தலைக்குப் பக்கத்தில் என் தலையை வைத்துப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரின் கருங்கல்தான் தெரிந்தது. அதன் மேல் ஒரு சாண் வானம்.

நாற்காலியில் இருக்கிறவரின் கண் தரையிலிருந்து சுமார் 110 முதல் 120 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். மதில் விளிம்புச் சுவர் பல இடத்தில் அதற்கு மேலே நிற்கும். ஆகவே முன்கூட்டிப் போகும்போதே மேலே போய்க் குந்தி, கண்ணை அந்த உயரத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். சுவர் தாழ்ந்த இடம், பீரங்கி வாய்க்காக விட்ட திறப்பு, தளம் கொஞ்சம் மேடாகிற மூலை என்று எங்கேயாவது கடல் தெரியும். அந்த இடத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, கூட்டிப்போகும் அன்று நேரே அங்கே போய் நிறுத்துங்கள். சித்தப்பாவுக்கு நாங்கள் அன்றே அப்படி ஒரு திறப்பைத் தேடிப் பிடித்தோம். அரை மணி நேரம் அசையவில்லை. தலையை மட்டும் இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தார், கட்டுமரம் ஒன்று போகிற போக்கில்.

காலமும் நேரமும்

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை எங்களுக்குச் சரிப்பட்டு வந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று சும்மா விடாது. அந்தப் பக்கம் முழுக்கக் காற்றாலை நிற்பது அதனால்தான். மதில்மேல் பிரேக் போடாமல் வீல்சேரை விட்டால் காற்றே உருட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் பாசி பிடித்து வழுக்கும். அந்த மாதங்களில் சரிவில் ஏறவே வேண்டாம்.

ஏப்ரல், மே மாதத்தில் இன்னொரு பயம், கள்ளக்கடல். உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. எங்கோ தெற்குப் பெருங்கடலில் கிளம்பிய அலை இங்கே வந்து திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரத்துக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிரைக் கடல் கொண்டுபோனது அப்படியொரு எச்சரிக்கை இருந்த நாளில்தான். மதில்மேல் அந்த ஆபத்து இல்லை. ஆனால் திரும்பி வருகிற வழியில் "கரையில கொஞ்சம் நிறுத்து" என்று ஆசை வரும். கடல் நிலையைக் கவனித்துச் சொல்கிற மத்திய அரசு மையமான இன்காய்ஸின் எச்சரிக்கை இருக்கிற அன்று அந்த ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அலை வந்தால் நாம் ஓடிவிடலாம், மணலில் நிற்கிற வீல்சேர் ஓடாது.

நாளில் என்றால் காலை. திறந்ததும் உள்ளே போய்விட்டால் கல் சூடேறியிருக்காது, கூட்டமும் இருக்காது. திறக்கிற நேரத்தை முந்தின நாளே கேட்டு வையுங்கள்.

கிளம்புகிற அன்று

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில், சுசீந்திரம் வழியாக வட்டக்கோட்டை 60 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். ரோடு நெரிசலானது. நடுவில் நிறுத்தி ஆளைக் கொஞ்சம் அசைத்து உட்கார வைக்கவும் நேரம் வேண்டும். மூன்று மணி நேரம் கணக்கு வையுங்கள். தக்கலை தாண்டினதும் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை வரும். வட்டக்கோட்டை கட்டிய டிலனாய் 1777இல் இறந்து, அங்கேதான் அடக்கமானார். சித்தப்பாவுக்குக் கதை சொல்லிக்கொண்டு போக அது போதும். பக்கத்தில் இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். ஆனால் குறுகலான மரப்படிகளும் உயர்ந்த நிலைகளும் உள்ள அந்த வீட்டுக்குள் வீல்சேரோடு போகலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ரயிலில் வருகிறவர்களுக்குக் குழித்துறையிலோ திருவனந்தபுரத்திலோ ஏறினால் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி உள்ள வண்டிகள் உண்டு. கன்னியாகுமரி கடைசி ஸ்டேஷன், அதனால் இறங்க அவசரப்பட வேண்டாம். அங்கிருந்து கோட்டைக்கு ஆட்டோ சின்னதாகத் தெரிந்தால் கார் பேசுங்கள். ஆட்டோவில் மடக்கின வீல்சேரைக் காலுக்கடியில் திணித்து, அதன் கால்தட்டு வளைந்துபோன அனுபவம் எங்களுக்கு உண்டு.

பையில் என்ன வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஸ்பைனல் அடிபட்டவராக இருந்தால் கட்டாயம் வேண்டியவை இவை: மெத்தென்ற குஷன் (வெறும் சீட்டில் மூன்று மணி நேரம் போனால் புண் வந்துவிடும்), ஈரத்துணி, குடை, தண்ணீர், மாற்று யூரின் பேக், சின்னத் தார்ப்பாய். தண்ணீரைக் குறைத்துக் குடித்தால் மூத்திரத் தொல்லை இருக்காது என்று நினைப்பார்கள். அது தப்பு, கிருமி சேர அதுவே வழி. முதுகில் மேலே அடிபட்டவர்களுக்கு வியர்வை சரியாக வராது, உடம்பு சீக்கிரம் சூடேறும். அவர்களாகச் சொல்லும்வரை காத்திருக்காமல் கழுத்தையும் கையையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவையாவது கையூன்றி உடம்பைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். முடியாதவரை நீங்கள் முன்னால் சாய்த்துப் பிடியுங்கள்.

கழிப்பறைக்குக் கடற்கரையை நம்பாதீர்கள். வழியில் நாகர்கோவிலில் ஏதாவது பெரிய ஆஸ்பத்திரியிலோ வணிக வளாகத்திலோ அகலக் கதவுள்ளதை முன்கூட்டிப் பார்த்து வைத்து அங்கே முடித்துவிட்டுப் போவதே மேல்.

சரிவில் ஏறுவதும் இறங்குவதும்

ஏறுவதற்கு முன் ஐந்து காரியம் பாருங்கள். டயரில் காற்று, பிரேக், இடுப்பு பெல்ட், கால் தட்டில் உறுதியாக இருக்கிறதா, யூரின் பேக் சக்கரத்தில் உரசாமல் சீட்டுக்குக் கீழே தொங்குகிறதா. உணர்ச்சி இல்லாத கால் தட்டிலிருந்து நழுவிக் கல்லில் இழுபட்டால் அவருக்கே தெரியாது. ரத்தம் வந்த பிறகு நீங்கள்தான் பார்ப்பீர்கள். ஒரு துண்டால் இரண்டு காலையும் தட்டோடு சேர்த்து இறுக்காமல் கட்டிவிடுவது நல்லது.

ஏறும்போது அவர் முகம் மேலே பார்த்திருக்க வேண்டும். பின்னால் தள்ளுகிறவர் கையை நேராக நீட்டி, ஒரு காலைப் பின்னால் ஊன்றி, உடம்பு எடையைக் கொடுத்துத் தள்ளட்டும். முன்னால் இருக்கிறவர் சட்டகத்தைப் பிடிக்க வேண்டும். கை வைக்கிற பக்கத் தாங்கியையோ கால்தட்டையோ பிடித்து இழுக்கவே கூடாது. இவை கழன்று வருகிற மாதிரிதான் செய்திருப்பார்கள், கழன்று கையோடு வந்தும்விடும். வீல்சேரில் இருக்கிறவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொண்டால் வண்டி பின்னால் மல்லாராது.

எட்டுப் பத்தடிக்கு ஒரு தடவை நில்லுங்கள். பின் சக்கரத்துக்கு அடியில் மர ஆப்பு ஒன்று வைத்துவிட்டு மூச்சு வாங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி நிற்காதீர்கள், அது டயரை அழுத்திப் பிடிக்கிற கம்பிதான், தேய்ந்த டயரில் பிடிக்காது. அகலமான சரிவாக இருக்கிறதே என்று குறுக்கே வளைந்து வளைந்து ஏறப் பார்க்காதீர்கள். சைக்கிளுக்கு அது சரி. வீல்சேர் பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

இரண்டாவது தடவை போனபோது நடுச் சரிவில் முன் சக்கரம் ஒரு சந்தில் மாட்டிக்கொண்டது. நான் பலத்தைக் கூட்டித் தள்ளினேன். நாற்காலி முன்னால் குனிந்தது. "தள்ளாத, தள்ளாத! பின்னால வலிச்சி, ஒரு பக்கம் சரிச்சி எடு" என்று சத்தம் போட்டார் சித்தப்பா. அப்படியே பின்னால் அரை அடி இழுத்து, கைப்பிடியை அமுக்கி முன் சக்கரத்தைத் தூக்கி, சந்துக்கு அந்தப் பக்கம் வைத்தேன். போய்விட்டது. அந்த நாற்காலியில் பதினோரு வருஷமாக இருக்கிறவர் அவர்தானே. சரிவில் யார் சொல்வதைக் கேட்பது என்பதைக் கீழேயே முடிவு செய்துவிடுங்கள். உட்கார்ந்திருக்கிறவர் "நில்லு" என்றால் இரண்டு பேரும் அந்த நொடியே நிற்க வேண்டும். தூக்கிவிடுகிறேன் என்று முன்வருகிற நல்லவர்களிடமும், எங்கே பிடிக்க வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.

இறங்குவதுதான் கவனம் தேவைப்படுகிற வேலை. முகம் மேலே பார்த்தபடியே, பின்னோக்கி இறக்குங்கள். பலசாலி கீழ்ப்பக்கம், வீல்சேருக்குப் பின்னால். அடிக்கடி தோளுக்கு மேலே திரும்பித் தரையைப் பார்த்து, சின்னச் சின்ன எட்டாக வைக்க வேண்டும். இரண்டாமவர் மேலிருந்து சட்டகத்தைப் பிடித்து வேகத்தைத் தாங்கட்டும். முகம் கீழே பார்க்க இறக்கினால், உடம்பை நிறுத்திப் பிடிக்க இடுப்பில் பலம் இல்லாதவர் முன்னால் சரிந்து விழுவார்.

ஏற முடியாத நாள் என்றால்

உடம்பு ஒத்துழைக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை, மழை தூறிவிட்டது என்றால் பிடிவாதம் வேண்டாம். மணக்குடிப் பாலத்துக்குக் காரை விடுங்கள். 2004 சுனாமியில் பழைய பாலம் அடித்துக்கொண்டு போன இடம் அது. இப்போது புதிய பாலம் நிற்கிறது. பழையாறு கடலில் கலக்கிற பொழிமுகத்தை, வண்டி பாலத்தில் மெதுவாகப் போகும்போதே ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். கன்னியாகுமரிக் கரையில் நின்றாலே விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவரும் தெரியும். 2024 டிசம்பர் 30 அன்று இரண்டுக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். பாலம் சமதளம்தான், ஆனால் அங்கே போகப் படகில் ஏற வேண்டும். ஆடுகிற படகில் வீல்சேரை ஏற்ற நான் துணியவில்லை. கேரளப் பக்கம் போகிறவர்களுக்குக் கோவளம் லைட்ஹவுஸ் பீச்சில் கடைகளையொட்டிப் பாவிய நடைபாதை இருக்கிறது. அங்கே இறங்குகிற ரோடு சரிவானது, அதையும் அளந்து பாருங்கள்.

திரும்பி வந்த பிறகு

பார்த்த குறையை எழுதிக் கொடுங்கள். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களை எல்லோரும் வந்துபோகிற மாதிரி மாற்ற வேண்டும் என்கிறது. அணுகல் விதிகள் கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்; இந்த மாதிரிக் குறைகளுக்கென்று மத்திய அரசு வைத்திருக்கிற சுகம்ய பாரத் ஆப்பில் போட்டோவோடு அனுப்பலாம். "வசதி இல்லை" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். "வாசலில் இத்தனை அங்குல நிலைப்படி, ஒரு பக்கம் இத்தனை அடி நீளப் பலகை போட்டால் போதும், மதில்மேல் கடல் தெரிகிற இடத்துக்கு அம்புக்குறி வேண்டும், சரிவின் ஓரத்தில் கைப்பிடிக் கம்பி வேண்டும்" என்று அளவோடு எழுதுங்கள். அளவு டேப்போடு போனதற்கு இது இரண்டாவது பலன். பழங்காலச் சின்னத்தில் கை வைக்கக்கூடாது என்று பதில் வரும். கல்லைத் தொடாமல் எடுத்துவைக்கிற மரப்பலகையையே கேளுங்கள்.

அன்று ராத்திரியே வீல்சேரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புக் காற்று பட்ட இரும்பு ஒரு வாரத்தில் பூத்துவிடும். துடைத்துக் காயவிட்டு, முன் சக்கர அச்சில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். எங்கள் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெயைத்தான் எடுப்போம். அது பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும், வேண்டாம். சக்கரத்தைக் கழற்றினால் அச்சைச் சுற்றி அந்தக் கரையின் கருமணல் மினுமினுத்துக்கொண்டு அடைந்திருக்கும். போன தடவை ஒரு சிட்டிகை வந்தது. சித்தப்பா அதைக் கொட்டவிடாமல் தீப்பெட்டியில் போட்டு, மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.